உள் கோடு, வெளிக் கோடு

என் கொழுந்தியாளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் சொல்வேன். தையல் நன்றாக வரும். யாரிடமும் குரலை உயர்த்திப் பேச மாட்டாள். பொய் சொன்னால் முகத்தில் தெரியாது. நாலாவதற்கு யோசிக்க வேண்டும். அவளை நினைத்தாலே எனக்கு வயிறு எரியும். இதை ஒளித்துவைத்துக் கதை சொல்ல எனக்குத் தெரியாது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் வெல்டர். எங்கள் தெருவின் கடைசியில் இருக்கும் தகரக் கொட்டகைதான் பட்டறை. கல்லிலும் மேட்டிலும் ஆற்றுப் படுகையிலும் ஏறுகிற வண்டிகள் எங்களிடம் வரும். சாலையில் ஓடுகிற வண்டியைக் கொடுத்தால் சாலையே இல்லாத இடத்தில் ஓடுகிற மாதிரி மாற்றித் தருவோம். அதில் முன் ஆக்சில், அதாவது இரண்டு முன்சக்கரத்தையும் தாங்குகிற இரும்பு அச்சு, அந்த வேலை பத்தொன்பது வருடமாக என்னுடையது. முன் ஆக்சிலைச் செய்தவன் அதன் இடது முனையில், ஸ்பிரிங்குக்கு அடியில், தன் முத்திரையைப் பஞ்ச் உளி வைத்து அடிக்க வேண்டும் என்பது எங்கள் ஓனரின் ஏற்பாடு. என் முத்திரை மூன்று புள்ளி. சேறு அப்பிக்கிடக்கும் அந்த இடத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். தெருவில் எங்கள் வண்டி ஏதாவது நின்றால் நான் குனிந்து பார்ப்பேன். என் மனைவி, "என்னத்தைத் தொலைச்சீங்க?" என்பாள்.

அவளுடைய தங்கைதான் என் கொழுந்தியாள். அவர்கள் அப்பா தையல்காரர். வீட்டின் முன்னறையில் இரண்டு மெஷின், நடக்க மட்டும் ஒரு சந்து. எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு முன்பே இரண்டு பெண்களும் காஜா எடுக்கப் பழகிவிட்டார்கள். என் மனைவி கல்யாணத்தோடு ஊசியைத் தூக்கிப் போட்டுவிட்டாள். என் சட்டையில் பொத்தான் அறுந்தால், "உங்க கை என்ன பூப்பறிக்கப் போயிருக்கா?" என்று கேட்பாள். தங்கை விடவில்லை. அவள் கணவன் தொலைதூர பஸ் ஓட்டுகிறான், வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பான். ஒரே பெண் குழந்தை. அக்கம்பக்கத்துத் துணியைத் தைத்துக்கொண்டு அவள் பாட்டுக்கு இருந்தாள்.

அவளைப் பட்டறைக்குக் கூட்டி வந்தது யார் தெரியுமா? நான்தான். சீட் தைக்கிறவர் வேலையை விட்டுப் போனபோது, "என் கொழுந்தியா இருக்கா, கை சுத்தம்" என்று ஓனரிடம் போய்ச் சொன்னேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

ஜன்னலோரம் மெஷினைப் போட்டாள். கழுத்தில் எப்போதும் அளவு டேப் தொங்கும். ஒரே வாரத்தில் எல்லோருக்கும் அவள் 'டேப் அக்கா' ஆகிவிட்டாள். பத்தொன்பது வருடத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. என் முதுகுக்குப் பின்னால் ஏதாவது இருக்கலாம், அது கணக்கில் வராது.

சீட் தைக்க வந்தவள் சீட்டைத் தைத்துவிட்டுப் போக வேண்டியதுதானே? ஒருநாள் நான் முடித்த வண்டியில் சீட் உறை மாட்ட உட்கார்ந்திருந்தாள். பட்டறைப் பையன்கள் வண்டியை மெதுவாக ஒரு கல்மேல் ஏற்றினார்கள். இறங்கி நேராக என்னிடம் வந்தாள்.

"அத்தான், ஒரு பக்கச் சக்கரம் மேல ஏறினா ஸ்டீரிங் ஏன் தானாத் திரும்புது?"

"வண்டின்னா அப்படித்தான். கெட்டியாப் பிடிச்சு ஓட்டணும்."

"இல்ல அத்தான், கையைத் தூக்கினா சட்டையும் சேர்ந்து மேல ஏறுற மாதிரி இருக்கு. சட்டையில அப்படி வந்தா அது வெட்டுல தப்பு. கையைத் தூக்கினா கை மட்டும்தான் போகணும்."

"இது சட்டையாம்மா?" என்றேன். பக்கத்தில் நின்ற ஓனர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

அதற்கப்புறம்தான் மாட்டு டாக்டரம்மாவின் வண்டி வந்தது. மலைமேல் இருக்கும் வீடுகளில் மாடு கன்று போட முடியாமல் தவித்தால் இந்த அம்மாதான் போக வேண்டும். போகிற வழி முழுக்க உருட்டுக்கல். முன்பக்கப் பட்டை ஸ்பிரிங் இரண்டு முறை உடைந்துவிட்டது. "எனக்கு வேகம் வேணாம். ஸ்டீரிங் என் பேச்சைக் கேக்கணும், அது போதும்" என்றார்.

ஓனர் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார். "பட்டையெல்லாம் கழட்டிடலாம். சுருள் ஸ்பிரிங் போட்டு, ஆக்சிலைக் கை வெச்சுப் பிடிக்கலாம். டிசைன் நம்ம டேப் அக்கா. வெல்டிங் நீ," என்று என்னைப் பார்த்தார். "நல்லா வந்துச்சுன்னா இந்த ஆக்சில்ல முத்திரை அக்காவோடது."

என் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினாற்போல் இருந்தது. பத்தொன்பது வருட மூன்று புள்ளி. அந்த இடத்தில் ஒரு தையல்காரி முத்திரை வைக்கப்போகிறாள். "சரிங்க" என்றேன். வேறு என்ன சொல்வது?

கை என்று நாங்கள் சொல்வது இரும்புக் குழாயை. பட்டை ஸ்பிரிங் இருக்கும்வரை அதுவே ஆக்சிலைப் பிடித்துக்கொள்ளும். அதைக் கழற்றிவிட்டால் ஆக்சில் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஓடாமல் இருக்க வேறு பிடி வேண்டும். கீழே இரண்டு கை, மேலே ஒரு கை, இந்த மூன்றும் ஆக்சிலை முன்பின் ஓடவிடாது, தலை குனியவும் விடாது. பக்கவாட்டில் நகராமல் இருக்கக் குறுக்கே ஒரு கை. அந்தக் குறுக்குக்கையின் ஒரு முனை வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் மாட்டியிருக்கும், மறுமுனை ஆக்சிலில். எந்தக் கை எவ்வளவு நீளம், எங்கே மாட்டுவது, எவ்வளவு சாய்வு என்பதில்தான் டிசைன் முழுவதும் இருக்கிறது.

அவள் அதை அட்டையில் செய்தாள். செருப்பு வந்த பெட்டிதான் சேசிஸ். அட்டைப் பட்டைகள்தான் கைகள். ஒவ்வொரு மூட்டுக்கும் ஜாக்கெட்டுக்கு வைக்கிற பிரஸ் பட்டன். சக்கரத்தைத் திருப்புகிற ஸ்டீரிங் ராடுக்குச் சிவப்பு அட்டை. மேசையில் வைத்து ஒரு பக்கச் சக்கரத்தை விரலால் தூக்குவாள், குனிந்து பார்ப்பாள், ஒரு பட்டனைப் பிய்த்து அரை இஞ்ச் தள்ளி வைப்பாள், மறுபடி தூக்குவாள். மூன்று நாள் அதே வேலை. மேல்கையைக் கொஞ்சம் குட்டையாக்கினாள், ஆக்சில் தலையாட்டுவது நின்றது. நாலாம் நாள், "இங்க பாருங்க" என்றாள். குறுக்குக்கையும் சிவப்பு ராடும் ஒரே நீளம், ஒரே சாய்வு. சக்கரத்தைத் தூக்கினாள். இரண்டும் ஜோடியாக ஏறி ஜோடியாக இறங்கின. ஒன்றை ஒன்று இழுக்கவே இல்லை.

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் இரண்டு தட்டு தட்டினேன். எனக்கு அழுகை வராத குறை. எனக்கு ஏன் இது தோன்றவில்லை? பத்தொன்பது வருடம் அந்த ஸ்டீரிங் ராடுக்கு அடியில் மல்லாந்து கிடந்தவன் நான். இவள் ஜன்னலோரம் உட்கார்ந்து பட்டன் வைத்துக் கண்டுபிடிக்கிறாள். அன்று வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. "வயிறு சரியில்லையா?" என்றாள் மனைவி. சரியாகத்தான் கேட்டாள்.

அடுத்தது, கைகளை மாட்டுவதற்கு இரும்புத் தகட்டில் வெட்ட வேண்டிய பிராக்கெட்டுகளுக்கெல்லாம் அட்டையில் அச்சு. மொத்தம் பதினொன்று. ஒவ்வொரு அட்டையிலும் உள்ளே ஒரு கோடு, ஒன்றரை இஞ்ச் தள்ளி வெளியே ஒரு கோடு. அவள் மேசையைச் சுற்றி எல்லோரையும் நிறுத்தி விளக்கத் தொடங்கினாள். அவள் விளக்கி நான் கேட்பதா? "சிலிண்டர்ல காஸ் இருக்கான்னு பார்த்துட்டு வர்றேன்" என்று வெளியே போய்விட்டேன். காஸ் இருந்தது. சிலிண்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே அவள் குரல் கேட்டது, வார்த்தை புரியவில்லை. நடுவில் ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது.

திரும்பி வந்தபோது ஆளுக்கு இரண்டு அட்டையாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். குறுக்குக்கை சேசிஸில் மாட்டுகிற பிராக்கெட்டின் அட்டையை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். அதுதான் உயிர்நாடி. அதை இன்னொருவன் கையில் விட முடியாது.

சாயங்காலம் அதைக் கையில் வைத்துப் பார்த்தபோதுதான் சந்தேகம் வந்தது. எந்தக் கோட்டில் வெட்டுவது? பத்தடி தள்ளி அவள் இருக்கிறாள். ஒரு வார்த்தை கேட்டால் போதும். மற்ற பையன்களிடமும் கேட்டிருக்கலாம். கேட்டால், "அண்ணன் அன்னிக்கு கவனிக்கல போல" என்று ஆகிவிடும். என் வாய் திறக்குமா? திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்தேன். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு துண்டை எடுத்து மடித்தேன். அதுவே அவளுக்கு ஆச்சரியம்.

"சும்மா கேக்கறேன். ஒரு அட்டையில உள்ள ஒரு கோடு, வெளிய ஒரு கோடு இருந்தா எதுல வெட்டணும்?"

"வெளிக் கோட்டுலதான். உள் கோட்டுல வெட்டினா தையலுக்கு எங்க இடம்? போட்டா மூச்சு விட முடியாது."

"நிச்சயமா?"

"எங்கப்பா பேரைக் கெடுக்காதீங்க. வெளிக் கோடு."

எனக்கு நிம்மதியாகப் போயிற்று. மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் கொழுந்தியாள் வேலைக்கு வரவில்லை, குழந்தைக்குக் காய்ச்சல். அவள் வருவதற்குள் வெளிக் கோட்டில் வெட்டி, சேசிஸில் வைத்து வெல்டு அடித்து, பெயின்டும் பூசிவிட்டேன். வெல்டிங் பிரமாதம். சரம் கோத்தாற்போல் ஒரே சீராக ஓடியது. அதில் மட்டும் எவனும் குறை சொல்ல முடியாது.

சோதனை நாள். பட்டறைக்குப் பின்னால் உடைந்த கான்கிரீட் கட்டிகளைக் குவித்து வைத்திருப்போம், அதன்மேல்தான் ஏற்றிப் பார்ப்பது. டாக்டரம்மாவே ஓட்டினார். பக்கத்தில் ஓனர். கொழுந்தியாள் டேப்பின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றாள். ஒரு பக்கச் சக்கரம் கட்டிமேல் ஏறியது. ஏறினதுதான் தாமதம், ஸ்டீரிங் வெடுக்கென்று திரும்பியது. "அம்மா!" என்று டாக்டரம்மா கையை உதறினார், கட்டைவிரல் ஸ்டீரிங்கில் மாட்டிக்கொண்டது. வண்டி இடதுபக்கம் பாய்ந்து தண்ணீர் டிரம்மை இடித்து நின்றது. கொட்டிய தண்ணீர் எல்லோர் காலையும் நனைத்தது.

எனக்கு உச்சி குளிர்ந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? ஒருத்தர் விரல் வீங்கி நிற்கிறது, எனக்கு உள்ளே குதியாட்டம். "பாவம், இரும்பு வேற, துணி வேற" என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொல்லவும் சொன்னேன்.

அவள் அந்த ஈரத்திலேயே வண்டிக்கு அடியில் போனாள். நானும் என்ன ஆச்சு என்று பார்க்கிற பாவனையில் குனிந்தேன். குறுக்குக்கை படுத்தாற்போல் இருந்தது, ஸ்டீரிங் ராடு சாய்ந்து இருந்தது. ஜோடி இல்லை. அவள் பிராக்கெட்டில் டேப்பை வைத்தாள். விளிம்பிலிருந்து ஓட்டை வரை அளந்தாள். மறுபடி அளந்தாள். பிறகு என் வெல்டிங்மேல் விரலை வைத்து மெதுவாக ஓட்டினாள். பட்டறையில் ஒவ்வொருத்தன் வெல்டும் அவனவன் கையெழுத்து மாதிரி, பார்த்தால் தெரியும். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஒன்றரை இஞ்ச் கீழ வந்திருக்கு" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வெளிக் கோடு தையலுக்கு விட்ட விளிம்பு. விளிம்பு விடாமல் அட்டை வரைய அவள் கைக்கு வராது. இரும்புக்கு ஏது தையல்? அன்று மேசையைச் சுற்றி நிறுத்தி அவள் சொன்னது இதைத்தான், அவர்கள் சிரித்ததும் இதற்குத்தான். மற்ற பத்து பிராக்கெட்டையும் உள் கோட்டில் வெட்டியிருந்தார்கள். என் முகத்தில் ஈயாடவில்லை.

சரி, மானம் போனது என்று நிமிர்ந்து நின்றேன். அவள் வெளியே வந்தாள், முதுகெல்லாம் சேறு.

"அட்டையில தப்பு, சார்" என்றாள் ஓனரிடம். "நான்தான் ஒன்றரை இஞ்ச் ஏமாந்துட்டேன்."

முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. முதலிலேயே சொன்னேனே.

ஓனர் டாக்டரம்மாவின் விரலைப் பார்த்தார், டிரம்மைப் பார்த்தார். "நீ போய் சீட்டைத் தைம்மா. அந்த வேலையே போதும்" என்றார். என் பக்கம் திரும்பினார். "என்ன சரி பண்ணணுமோ பண்ணு. பண்ணிட்டு உன் முத்திரையையே வை."

நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை எழுத்து மாறாமல் அப்படியே வந்தது. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட அது இனிக்கவில்லை. நேரே ஜன்னலுக்குப் போனேன். மெஷினில் சீட் உறை ஓடிக்கொண்டிருந்தது.

"எதுக்கு அப்படிச் சொன்ன?"

"அக்கா போன்ல சொன்னா, நீங்க துணி மடிச்சீங்களாம்." மெஷினை நிறுத்தவில்லை. "உள் கோடா வெளிக் கோடான்னு கேட்டீங்களாம். எனக்கு அப்பவே புரிஞ்சிருக்கணும். பாப்பா காய்ச்சல்ல விட்டுட்டேன்."

"உண்மையைச் சொல்ல வேண்டியதுதானே? எனக்காக யாரும் பழி சுமக்க வேணாம்."

"எனக்கு என்ன அத்தான், தையல் இருக்கு. நாளைக்கே வீட்டுல மெஷினைப் போட்டுக்குவேன். உங்களுக்கு அந்த மூணு புள்ளி மட்டும்தானே இருக்கு."

குத்திக் காட்டியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. சின்னக் குழந்தைக்கு மிட்டாய் நீட்டுகிற மாதிரிச் சொன்னாள். என்னைப் பார்த்து அவள் இரக்கப்படுகிறாள்! விறுவிறுவென்று என் இடத்துக்கு வந்துவிட்டேன்.

பிராக்கெட்டை அறுத்து எடுத்தேன். அதே அட்டையை வைத்து, உள் கோட்டில் வெட்டினேன். மறுநாள் காலையில் வெல்டு அடித்து, வண்டியை மறுபடி குவியலில் ஏற்றினோம். டாக்டரம்மா விரலில் கட்டோடு ஓட்டினார். சக்கரம் முழங்கால் உயரம் ஏறியது, மறுபக்கம் இறங்கியது. நடுக் குவியலில் ஸ்டீரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துக் காட்டினார். ஸ்டீரிங் அசையவே இல்லை. இப்படி ஒரு முன் ஆக்சில் எங்கள் பட்டறையிலிருந்து போனதே கிடையாது. என் கையால் போனதில்லை என்று சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

"முத்திரையைப் போட்டுரு" என்றார் ஓனர்.

பஞ்ச் உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு அடியில் போய்ப் படுத்தேன். இடது முனை, ஸ்பிரிங்குக்கு அடியில், இரும்பைத் துடைத்து வைத்திருந்தார்கள். உளியின் நுனியை வைத்தேன். மேலே ஜன்னலோரம் மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இந்த மூன்று புள்ளியையும் அடித்துவிட்டால், இனிமேல் வீட்டில் ஒரு விசேஷம், ஒரு சாப்பாடு என்று எதிரெதிரே உட்காரும்போதெல்லாம் அவள் என்னை மன்னித்தவளாக உட்கார்ந்திருப்பாள். டிசைனும் அவளுடையது, நல்ல மனசும் அவளுடையது. கடைசியில் நான் செய்த தப்பு ஒன்றுதான் சொந்தமாக என்னிடம் இருந்தது, அதையும் எடுத்துத் தன் பெயரில் போட்டுக்கொண்டாள். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள இவள் யார்?

அடியிலிருந்து உருண்டு வெளியே வந்தேன்.

"அட்டையில தப்பு இல்ல!" என்று கத்தினேன். மெஷின் சத்தம் நின்றது. "அட்டை சரியாத்தான் இருந்துச்சு. வெளிக் கோட்டுல வெட்டினது நான். அவ விளக்கிச் சொன்னப்போ நான் வெளிய நின்னு சிலிண்டரைப் பார்த்துட்டு இருந்தேன். கேக்க வாய் வராம என் பொண்டாட்டிகிட்ட கேட்டேன், அவ ஜாக்கெட்டுக்குச் சொன்னா. ஒன்றரை இஞ்சும் என்னோடது. அதை யாருக்கும் குடுக்க மாட்டேன்."

பிறகு ஒருவன், "ஜாக்கெட்டுக்கா!" என்று ஆரம்பித்தான். அவ்வளவுதான், கொட்டகையே அதிர்ந்தது. அன்றிலிருந்து எனக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. என்ன என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள். டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. "எத்தனை பேருக்கு இந்தப் பெரிய மனசு வரும்!" என்றார். பெரிய மனசாம். வயிற்றெரிச்சலில் சொன்னேன் என்று அவருக்கு யார் போய்ச் சொல்வது? ஜன்னலோரம் இருந்தவளுக்குத் தெரியும். டேப்பால் வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள்.

ஓனர் என் கையிலிருந்த உளியை வாங்கி அவளிடம் நீட்டினார். "வாம்மா. உன் முத்திரை என்ன?"

அவள் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தாள். உள்ளே இருட்டு, விளக்கு காட்ட ஆள் வேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் விளக்கை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய்ப் படுத்தேன்.

"அத்தான், இதை எப்படிப் பிடிக்கணும்?"

"நேரா வை. சாய்ச்சா வழுக்கும். சின்னதா அடி."

முதல் அடி வழுக்கியது. எனக்கு அதில் ஒரு சின்ன சந்தோஷம். அப்புறம் பிடிபட்டுவிட்டது. புள்ளி புள்ளியாக அடித்துச் சின்னதாக ஒரு கோடு போட்டாள். கொஞ்சம் தள்ளி, அதற்கு இணையாக இன்னொரு கோடு. உள் கோடு, வெளிக் கோடு.

"நல்லா இருக்கா அத்தான்?"

நன்றாகத்தான் இருந்தது. என் வயிறு அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது. விளக்கை மட்டும் ஆட்டாமல் பிடித்துக்கொண்டேன்.